வாசிப்பது நத்தை

காலையில் முதலில் பாய்லர். அக்கா அதைப் பற்றவைத்துவிட்டு, ஆவி ஏறும்வரை முந்தின நாள் வந்த மூட்டைகளைப் பிரிப்பார். ஓட்டல் விரிப்புகள் ஒரு பக்கம். ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு பக்கம். டாக்டர் கோட்டுகள் கம்பியில். ஒவ்வொரு கோட்டுப் பையிலும் கை விட்டுப் பார்ப்பார். பேனா கிடைத்தால் ஜன்னல் மேல் டப்பாவில் போடுவார். மிட்டாய்த் தாள் கிடைத்தால் அந்த டாக்டரைத் திட்டுவார். பிறகு டீ. பிறகு மகளை எழுப்புவார். விரிப்பின் இரண்டு முனையை அம்மா பிடிக்க, இரண்டு முனையை மகள் பிடிக்க, உதறி, நடந்து வந்து சந்தித்து, மடித்து, விலகி, மறுபடி சந்திப்பார்கள். பேச்சு இருக்காது. நான் மாடியிலிருந்து இறங்கும்போது படியில் எனக்கு ஒரு டம்ளர் மூடி வைத்திருக்கும். குடித்துவிட்டு வேலைக்குப் போவேன்.

அக்கா நடத்திய அந்த லாண்டரியின் மாடி அறையில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன். வரும்போது இரண்டு பேர். மனைவி இறந்த பிறகு நான் மட்டும். அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வரச் சொன்னார்கள் என் வீட்டில். கீழே நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்கும். அதனால் காலி செய்யவில்லை.

அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பள்ளியில் அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். எழுத்து தெரியாதவள் இல்லை. மூட்டைச் சீட்டில் இருக்கும் எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து நாலு பேர் முன்னால் நிறுத்தினால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பஸ் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். அந்த இடைவெளியில் வகுப்பு முழுக்க விரலை மடக்கி எண்ணும். அவள் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் வாசிக்கச் சொல்லி டீச்சரே கேட்பதில்லை.

அவளுடைய அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அதைச் சொல்லும்போது அந்த வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

அந்த வருடம் பள்ளிக்கு ஒரு புது டீச்சர் வந்தார். மூன்றாம் வகுப்பில் புத்தகம் என்றாலே பெஞ்சுக்கு அடியில் போய்விடும் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கதைப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து தர வேண்டும் என்றார். சின்னப் பிள்ளைகள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, அதே புத்தகத்தில் விரல் வைத்து வரி வரியாகத் தொடர்வார்கள். பெரியவர்கள் வாசித்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், அண்ணன் அக்கா குரல் என்றால் கேட்கும் என்று டீச்சர் நினைத்தார். ஏழாம் வகுப்புக்கு வாசிப்பு மதிப்பெண் அந்தப் பதிவுக்குத்தான். பதிவு தராதவர்கள் அடுத்த வருடமும் ஏழாம் வகுப்பு.

ஒரு சாயங்காலம் நத்தை படியேறி வந்தாள்.

“அண்ணா, பேசுறதப் பிடிக்கிற மாதிரி நல்ல போன் இருக்கா? அம்மா போன்ல பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது.”

“தண்ணியில விழுந்துச்சா?”

“விழல. துவைச்சுட்டாங்க. அவங்களோட பாவாடைப் பையை மட்டும் பாக்க மாட்டாங்க.”

என் மனைவியின் போன் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

“இது அண்ணியோடது.”

“ஆமா.”

“பத்திரமா வச்சுக்கறேன்.”

“பத்திரமாத்தான் இத்தனை நாள் கெடந்துச்சு. நீ அதுல பேசு.”

முதலில் அவள் என் அறையில் உட்கார்ந்துதான் முயற்சி செய்தாள். கதவைச் சாத்தினோம். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவள், “உள்ள ரொம்ப அமைதியா இருக்குண்ணா. யாரோ எண்ற மாதிரி இருக்கு” என்றாள். அந்த அறையைப் பற்றி அப்படி யாராவது சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுக்கவும் இல்லை.

கடைசியில் அவள் வாசித்தது தேய்க்கும் மெஷின் பக்கத்தில். அந்த மெஷினுக்கு இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் துணியை விரித்து, மேல்தட்டை இறக்கி, காலால் பெடலை மிதித்தால் புஸ்ஸென்று ஆவி சீறும். கொஞ்சம் பொறுத்து மேல்தட்டைத் தூக்கி, துணியைத் திருப்பிப் போட்டு, மறுபடி. அக்காவின் கை எந்த நாளும் ஒரே நிதானம். மேல்தட்டு திறந்திருக்கும்போது நத்தை ஒரு வரி வாசித்தாள். ஆவி சீறும்போது வாயை மூடிக்கொண்டு அடுத்த வரியைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டாள். தட்டு திறந்ததும் அதை வாசித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதிவு இப்படித் தொடங்கியது:

“குடை தின்ற ஆடு. வாசிப்பது நத்தை.” புஸ்ஸ்ஸ்.

“ஓர் ஊரில் ஓர் ஆடு இருந்தது.” புஸ்ஸ்ஸ்.

“அது செருப்பைத் தின்றது. சீப்பைத் தின்றது.” புஸ்ஸ்ஸ்.

“ஏய், அந்தத் தலகாணி உறை எங்கடி?”

“கூடையில. ஒரு நாள் அது குடையைத் தின்றது.” புஸ்ஸ்ஸ்.

இன்னும் தள்ளி, ஆட்டின் வயிற்றுக்குள் குடை விரிந்துகொள்ளும் இடத்தில், வேன் ஓட்டுகிற மாமா உள்ளே வந்து “அக்கா, டீ இருக்கா?” என்று கேட்பதும் இருந்தது. மாமா அக்காவின் தம்பி. உலர்ந்த துணியை ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போடுகிறவர். டீ இல்லாமல் அவர் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை.

“பேர என்னத்துக்குடி நத்தைன்னு சொன்ன?” என்று அக்கா கேட்டார்.

“அவங்க சொன்னா கேலி. நான் சொன்னா பேரு.”

பதிவைக் கேட்ட புது டீச்சர் சிரித்தாராம். சிரித்துவிட்டு மற்றப் பதிவுகளோடு சேர்த்து வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததை மாமாதான் வந்து சொன்னார். பள்ளி வாசலில் ஆயாவிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

“தம்பி, மூணாங்கிளாஸ்ல எல்லாப் பொடிசுங்களும் நம்ம ஆட்டுக் கதையத்தான் கேக்குதாம். வேற எதையும் தொடறதில்லையாம்.”

“ஏனாம்?”

“மத்த புள்ளைங்க எல்லாம் சந்தைக்குப் போற அவசரத்துல படிச்சிருக்கு. விரல் வைக்கறதுக்குள்ள வரி ஓடிப் போயிருது. நம்ம நத்தை வரியப் படிச்சுட்டுப் புஸ்ஸுன்னு நிக்குதுல்ல, அதுக்குள்ள பொடிசுங்க அடுத்த வரியப் பிடிச்சுருது. ஒரு புள்ள, ரெண்டு வருசமா வாயே தெறக்காததாம், அது கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருச்சாம். அக்கா, டீ இருக்கா?”

அக்கா டீயில் சர்க்கரை அதிகமாகப் போட்டுக் கொடுத்தார்.

அந்த மாதக் கடைசியில் பள்ளியைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். மூன்றாம் வகுப்புக்குள் போய், யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று கேட்டார். வகுப்பே எழுந்தது. எல்லோரும் ஒரே புத்தகத்தை எடுத்தார்கள். ஓர் ஊரில் ஓர் ஆடு இருந்தது, புஸ்ஸ்ஸ். அது செருப்பைத் தின்றது, சீப்பைத் தின்றது, புஸ்ஸ்ஸ். பிறகு மொத்த வகுப்பும் அதிகாரியைப் பார்த்து, இடுப்பில் கை வைக்காத குறையாக, “ஏய், அந்தத் தலகாணி உறை எங்கடி?” என்று கேட்டது.

மறுநாள் பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். போன் என்னுடையது என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

பெரிய டீச்சர் தலைமை ஆசிரியை. கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார்.

“அதிகாரி முன்னாடி ஒரு கிளாஸே பாம்பு மாதிரி சீறுதும்மா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“வாசிச்சாங்களா இல்லையா?” என்றார் அக்கா.

“வாசிச்சாங்க. ஆனா சீறிச் சீறி வாசிச்சாங்க. அதிகாரியப் பாத்து 'எங்கடி'ங்கறாங்க.”

“அது நான் என் மகளக் கேட்டது.”

“அதத்தான் சொல்றேன். உங்க வீட்டுல பேசறது, மெஷின் சத்தம், டீ இருக்கான்னு கேக்கறது, இதெல்லாம் பாடமா? பெத்தவங்க வந்து நிக்கிறாங்க. சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் சீறுதாம் ஒரு புள்ள.”

“சாப்பிடுதுல்ல?”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இங்க பாருங்கம்மா. உங்க மகள ஃபெயில் பண்ணணும்னு எனக்கு ஆசையில்ல. திங்கட்கிழமைக்குள்ள சத்தம் இல்லாம, சுத்தமா ஒரு பதிவு குடுக்கட்டும். நடுவுல நிக்காம வாசிக்கணும். குடுத்தா மார்க். இல்லன்னா அந்தப் பழைய பதிவையும் அழிச்சுருவோம். மார்க்கும் கெடையாது. வருசம் திரும்ப உக்காரணும். பேரும் அவ சொந்தப் பேரச் சொல்லட்டும்.”

புது டீச்சர் கதவருகில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய டீச்சர் பார்த்தார்.

அன்று மத்தியானமே நத்தையைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, புது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து. பதிவில் இருந்தது தலைப்பும் முதல் வரியும் மட்டும்தான். மீதியெல்லாம் அவள் எச்சில் விழுங்குகிற சத்தம்.

நான் ஒரு வழி இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு வேலை, வாடிக்கையாளர்கள் குறை சொல்லிப் பேசும் தொலைபேசிப் பதிவுகளைச் சுருக்குவது. இருமலை வெட்டுவேன். தும்மலை வெட்டுவேன். பேச்சு நின்று போகும் இடங்களை வெட்டுவேன். சிலர் அழுவார்கள், அதையும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பழைய பதிவை எடுத்துப் போய் அலுவலகத்தில் வைத்து ஆவியை வெட்டினேன். அக்காவை வெட்டினேன். மாமாவின் டீயை வெட்டினேன். 'நத்தை'யை வெட்டினேன். மிச்சத்தை ஒட்டினேன். நல்ல வேலை. ஒட்டுத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைக் கீழே போட்டுக் காட்டினேன். அக்கா தலையணை உறைகள் தேய்த்துக்கொண்டிருந்தார். காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

“அடியே, ரேடியோல பேசற மாதிரி இருக்குடி!”

மாமா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். “நான் இல்லையே” என்றார்.

“உன்னத்தான் முதல்ல வெட்டியிருப்பாரு.”

“டீ கேட்டது ஒரு குத்தமா?”

நத்தை சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

“இது யாருண்ணா?”

“நீதான்.”

“நான் இவ்வளவு வேகமா படிக்க மாட்டேன்.”

“நடுவுல இருந்த இடைவெளிய எடுத்துட்டேன். வார்த்தை எல்லாம் உன்னுதுதான். ஒண்ணையும் மாத்தல.”

“அந்த எடத்துலதான் நான் அடுத்த வரியப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“கேக்கறவங்களுக்கு அது தெரிய வேணாமே.”

“கேக்கறவங்களும் அந்த எடத்துலதாண்ணா பாக்கறாங்க. இதுல எங்க பாப்பாங்க?”

என் தொழிலில் இடைவெளி என்றால் வெட்ட வேண்டியது. வேறு எதற்காவது அது ஆகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“நான் மூச்சு விட்டதக் கூட எடுத்துட்டீங்க” என்றாள். கோபம் இல்லை. மூட்டைச் சீட்டில் ஒரு துணி குறைந்தால் சொல்வாளே, அந்தக் குரல். “இத நான் குடுக்க மாட்டேன்.”

அக்கா மறுபடி பெடலில் கால் வைத்தார். “குடுக்க மாட்டியா? திரும்ப ஏழாங்கிளாஸ்ல உக்காருவியா? உன்னவிடச் சின்னதுங்களோட?”

“உக்காருவேன்.”

“அவரு ஆபீஸ்ல உக்காந்து உனக்காகப் பண்ணிக் கொண்டாந்திருக்காரு. வாயில வச்சா கரையற மாதிரி இருக்கு. கொண்டு போய்க் குடுத்துட்டு எட்டாங்கிளாஸ் போடி. அப்புறம் யாரு கேக்கப் போறா?”

“மூணாங்கிளாஸ் கேக்கும்.”

“அதுங்க உனக்குச் சோறு போடுதா? வீம்பு பிடிச்சா யாருக்குடி நஷ்டம்?”

“மாமா கல்யாணத்துக்கு அப்பா வந்தாருல்ல?”

அக்கா நிமிர்ந்தார். மாமா மூட்டையிலிருந்து இறங்கினார்.

“நாலு பேரு பாக்கறாங்க, இந்த ஒரு நாளைக்கு மட்டும் பக்கத்துல நில்லு, ஒரே குடும்பமா இருக்கற மாதிரி போட்டோ எடுத்துக்கலாம்னு சொன்னாரு. நீ நின்னியா?”

மேல்தட்டு இறங்கியபடியே இருந்தது. அதைத் தூக்க அக்கா மறந்துவிட்டார். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தூக்கினார். ஆஸ்பத்திரித் தலையணை உறை ஒன்று ஓரத்தில் பழுப்பாகிவிட்டிருந்தது. அவர் கையில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வாயப் பாரு” என்றார். கொஞ்சம் கழித்து, “நின்னா இந்நேரம் அந்தப் போட்டோ அவரு வீட்டு அலமாரிக்குள்ள கெடக்கும்” என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. உறையை மகள் மேல் எறிந்தார். “நாளைக்கு நீயே பேசு அந்தப் பெரிய டீச்சர்கிட்ட. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பின்னாடி நிப்பேன், அவ்வளவுதான்.”

“நீ பேசாம இருந்ததா சரித்திரமே இல்லையேக்கா” என்றார் மாமா.

“உனக்கு இன்னிக்கு டீ கெடையாது.”

திங்கட்கிழமை காலையில் பாய்லரைப் பற்றவைக்கவில்லை. மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. ஓட்டலிலிருந்து யாரோ போன் செய்து சத்தம் போட்டார்கள். “மத்தியானம் வரும். அதுவரைக்கும் விருந்தாளிங்களப் போர்த்தாமப் படுக்கச் சொல்லுங்க” என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார். வேனில் போனோம். நத்தை முன் இருக்கையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா வழியில் இரண்டு முறை, “பயமா இருக்கா குட்டி?” என்று கேட்டார். “இருக்கு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

பெரிய டீச்சரின் அறை சின்னது. மேசை மேல் கண்ணாடி போட்டிருந்தது. புது டீச்சரும் இருந்தார். மாமாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

“பதிவு கொண்டாந்தியா?”

“இல்ல டீச்சர். இங்கயே வாசிக்கிறேன். நீங்களே கேட்டு மார்க் போடுங்க.”

“இங்கயா?” பெரிய டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார். “சரி. வாசி. சத்தம் கித்தம் இருக்கக் கூடாது.”

ஜன்னலைச் சாத்தச் சொன்னார். புது டீச்சர் சாத்தினார். நான் போனைப் பதிவில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.

நத்தை புத்தகத்தைப் பிரித்தாள். முதல் வரியின் கீழ் விரலை வைத்தாள்.

“குடை தின்ற ஆடு. வாசிப்பது நத்தை.”

பெரிய டீச்சரின் புருவம் ஏறியது.

“ஓர் ஊரில் ஓர் ஆடு இருந்தது.”

நின்றுவிட்டாள். அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் அறையில் அவள் நின்றது இதே இடத்தில்தான். பெரிய டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

நத்தை பல்லைக் கடித்து, உதட்டைப் பிரித்துச் சீறினாள். “புஸ்ஸ்ஸ்.” அவசரமில்லாமல், மெஷின் சீறுகிற நேரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல். எச்சில் மேசைக் கண்ணாடியில் தெறித்தது. சீறும்போதே அவள் கண் அடுத்த வரிக்குப் போனதைப் பார்த்தேன்.

“அது செருப்பைத் தின்றது. சீப்பைத் தின்றது. புஸ்ஸ்ஸ்.”

“என்னம்மா இது?” என்றார் பெரிய டீச்சர்.

நத்தை அடுத்த வரிக்குப் போகவில்லை. திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய டீச்சரின் அறையில், பெரிய டீச்சருக்கு நேராக நின்று கேட்டார்:

“ஏய், அந்தத் தலகாணி உறை எங்கடி?”

“கூடையில. ஒரு நாள் அது குடையைத் தின்றது. புஸ்ஸ்ஸ்.”

புது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நத்தை பக்கத்தைத் திருப்பினாள். ஆடு படுக்கப் பார்த்தது, முடியவில்லை. ஆடு வாசலில் நுழையப் பார்த்தது, முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீறல். வயிற்றுக்குள் குடை விரியும் இடம் வந்தபோது கதவுக்கு வெளியிலிருந்து, “அக்கா, டீ இருக்கா?” என்று ஒரு குரல் கேட்டது. பெரிய டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். “போதும். போதும், நிறுத்து” என்றார். இரண்டாவது முறை சொன்னபோது அவர் குரல் முதல் தடவை மாதிரி இல்லை.

மதிப்பெண் போட்டார். பாதிதான் போட்டார். நத்தை இப்போது எட்டாம் வகுப்பு. பழைய பதிவை அழித்துவிடுவோம் என்று சொன்னதை அவர் திரும்ப வாங்கவில்லை. யாரும் அதை அழிக்கவும் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு இந்த வருடம் வந்த பிள்ளைகளும் சீறுகிறார்களாம்.

மாமா துணி போடும் இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு டீக்கும் அது வளர்கிறது. ஓட்டலில் சொல்லும்போது நத்தை மேசையை ஓங்கி அடித்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லும்போது, “உங்க மார்க்க நீங்களே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். போன வாரம் கேட்டபோது, பள்ளிக்கூடமே வந்து கை தட்டியது. மாமா கதவுக்கு வெளியே நின்றவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் உள்ளே இருந்தேன். அன்றைய பதிவு என் மனைவியின் போனில் இருக்கிறது. அதில் ஒன்றையும் வெட்டவில்லை. இரவில் சில நாள் போட்டுக் கேட்பேன். மேசையை அடிக்கிற சத்தம் அதில் இல்லை. பெரிய டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவது கேட்கும். 'போதும், நிறுத்து' கேட்கும். அப்புறம் ஒரு நீளமான சீறல். அதற்குப் பிறகு கடைசிவரை ஆட்டின் கதைதான். புத்தகத்தில் இல்லாமல் அவளாகச் சொன்ன கடைசி வரி, அந்தச் சீறலுக்கும் மீதிக் கதைக்கும் நடுவில் இருக்கிறது.

“இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு டீச்சர். உக்காருங்க.”